ஹெபடைடிஸ் சி இருந்தால் லிம்போமா வருமா? ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் கவரைப் பிரித்ததும் ஜனங்கள் முதலில் எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "ஹெச்.சி.வி. ரியாக்டிவ்" (ஹெச்.சி.வி. என்றால் ஹெபடைடிஸ் சி வைரஸ்) என்ற வரியைப் படித்துவிட்டு, ராத்திரி முழுக்க செல்போனில் தேடி, "இது லிம்போமா கேன்சரில் கொண்டு விடுமாமே" என்று மறுநாள் காலையில் வந்து நிற்பவர்கள் உண்டு. வேறு சிலர் நேர் எதிர்த் திசையிலிருந்து வருவார்கள்: "லிம்போமா என்று சொல்லிவிட்டார்கள். இப்போது எதற்கு மஞ்சள் காமாலை டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள்?" இரண்டு தரப்பும் கேட்டவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள், தொடர்பு இருக்கிறதா இல்லையா?

இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஹெபடைடிஸ் சி வைரஸை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் 1994-லேயே வைத்துவிட்டது. அப்போது கல்லீரல் புற்றுநோயை மனதில் வைத்துத்தான் அப்படிச் செய்தார்கள். 2009-ல் மறுபடி உட்கார்ந்து ஆராய்ந்தபோது, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாவுக்கும் (லிம்போமாவின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்று) போதுமான ஆதாரம் இருக்கிறது என்று சேர்த்தார்கள்.

ஆனால் "தொடர்பு உண்டு" என்பதும் "உங்களுக்கு வரும்" என்பதும் ஒன்றில்லை. கணக்கைக் கீழே சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

ஹெபடைடிஸ் சி என்பது நாம் சொல்லும் மஞ்சள் காமாலைதானே?

முழுக்க அப்படி இல்லை. கெட்ட தண்ணீர், கெட்ட சாப்பாட்டால் கண்ணெல்லாம் மஞ்சளாகி, சில வாரம் பத்தியம் இருந்து சரியாகும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. சி ரத்தத்தின் வழியாகப் பரவுவது. சரியாகக் கொதிக்கவைக்காத ஊசி, பரிசோதிக்காத ரத்தம், டயாலிசிஸ், பச்சை குத்துதல், போதை ஊசியைப் பகிர்தல் எல்லாம் அதற்கு வழி. முக்கால்வாசிப் பேருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. தொற்றியவர்களில் சுமார் 30 சதவீதம் பேரின் உடம்பு ஆறு மாதத்துக்குள் தானாகவே வைரஸைத் துரத்திவிடும். மற்றவர்களிடம் அது தங்கிவிடும், இருபது முப்பது வருடம்கூடச் சத்தமே காட்டாது.

இந்த வைரஸுக்கு ரொம்ப நாள் பெயரே கிடையாது. "ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை" என்றுதான் மருத்துவ நூல்களில் எழுதினார்கள். 1989-ல்தான் அதை அடையாளம் கண்டார்கள். அந்த வேலைக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வருடம் எல்லோரும் வேறொரு வைரஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் அது பெரிதாகக் கவனம் பெறவில்லை.

லிம்போமா என்றால் ரத்தப் புற்றுநோயா?

அந்தக் குடும்பம்தான். நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் இருக்கும் லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது. கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ "நெறி கட்டியிருக்கிறது" என்போமே, அந்த இடங்கள்தான் நிணநீர்க் கணுக்கள். காலில் புண் வந்தால் தொடையில் நெறி கட்டுவது சாதாரணம், அது வலிக்கும், புண் ஆறினால் வற்றிவிடும்.

கல்லீரலில் குடியிருக்கும் வைரஸுக்கு நிணநீரில் என்ன வேலை?

நல்ல கேள்வி. எனக்கும் ரொம்ப நாள் இது புரியவில்லை.

ஹெபடைடிஸ் பி போல இது நம் மரபணுவுக்குள் போய் ஒட்டிக்கொள்வதில்லை. சி ஒரு ஆர்.என்.ஏ. வைரஸ், நம் டி.என்.ஏ.வை அது தொடுவதில்லை. பிறகு எப்படிப் புற்றுநோய்? நிபுணர்கள் அதிகம் ஏற்றுக்கொண்டிருக்கும் விளக்கம் இதுதான். வைரஸ் ரத்தத்தில் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைச் செய்வது பி லிம்போசைட்டுகள், சுருக்கமாக பி செல்கள், என்ற வெள்ளணுக்களின் வேலை. எதிரி போகாதவரை அவற்றுக்கு ஓய்வு கிடையாது, பெருகிக்கொண்டே இருக்க வேண்டும். போதாததற்கு, வைரஸின் மேலுறையில் உள்ள ஈ2 என்ற புரதம், பி செல்லின் மேலிருக்கும் சிடி81 என்ற புரதத்தில் நேராகவே போய் ஒட்டுகிறது, அதுவும் பி செல்லைத் தூண்டிவிடுகிறது.

செல் ஒவ்வொரு முறை இரண்டாகும்போதும் மரபணு முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதினார்கள் அல்லவா? ஒரு பிரதி எடுத்தால் ஒன்றிரண்டு எழுத்து பிசகும். நூறு தலைமுறை பிரதி எடுத்தால் பாடபேதம் பெருகி, ஒரு கட்டத்தில் பொருளே மாறிவிடும். இருபது முப்பது வருடம் ஓயாமல் நகலெடுக்கும் பி செல்களில், என்றோ ஒரு நாள், வைரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன்போக்கில் பெருகும் ஒரு செல் உருவாகிவிடலாம்.

இது வைரஸுக்கு மட்டும் உரிய விஷயமில்லை. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இப்படித்தான் இரைப்பையில் ஒரு வகை லிம்போமாவைக் கிளப்புகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை ஒழித்தால் அந்த லிம்போமா பலருக்கு மறைந்துவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, எவ்வளவு ஆபத்து? எண்ணில் சொல்லுங்கள்.

ஒரே எண் கிடையாது. ஆய்வுக்கு ஆய்வு மாறும், நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலியிலும் ஜப்பானிலும் தொடர்பு பலமாகத் தெரிந்தது. தொற்று குறைவான நாடுகளில் மங்கலாகத் தெரிந்தது.

பெரிய ஆய்வுகளில் ஒன்று 2007-ல் வந்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களில் தொற்று உள்ள 1,46,394 பேரையும் இல்லாத 5,72,293 பேரையும் ஒப்பிட்டார்கள். தொற்று உள்ளவர்களுக்கு ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா ஆபத்து 28 சதவீதம் கூடுதல். வால்டன்ஸ்ட்ராம் என்ற அரிய வகை மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு மொத்தத்தில் இரண்டு மடங்குக்கு அருகில் விடை வந்தது.

இரண்டு மடங்கு என்றதும் வயிற்றைக் கலக்கும். ஆனால் எதற்கு இரண்டு மடங்கு என்று கேட்க வேண்டும். நம் நாட்டில் வருடத்துக்கு லட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் இந்த வகை லிம்போமா வருகிறது. அது இரட்டித்தால் நான்கு, ஆறு. சிகிச்சையே எடுக்காத ஹெபடைடிஸ் சி-யால் இருபது வருடத்தில் கல்லீரல் சுருங்கிப்போகும் வாய்ப்பு 15 முதல் 30 சதவீதம். அதாவது லட்சத்தில் பல ஆயிரம் பேர். பயப்படத்தான் வேண்டும் என்றால், என்னைக் கேட்டால், கல்லீரலுக்குப் பயப்படுவதுதான் நியாயம்.

எல்லா வகை லிம்போமாவுக்கும் இந்தத் தொடர்பு உண்டா?

இல்லை. பி செல் வகைகளில் சிலவற்றுக்கு மட்டும். மண்ணீரலில் தொடங்கும் மார்ஜினல் ஜோன் லிம்போமா, லிம்போபிளாஸ்மாசைட்டிக் லிம்போமா, வேகமாக வளரும் டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா ஆகிய மூன்றும் முக்கியமானவை. ஃபாலிகுலர் வகைக்குத் தெளிவான தொடர்பு தெரியவில்லை. பயாப்சி ரிப்போர்ட்டில் கடைசிப் பத்தியில் வகையின் பெயர் இருக்கும். அதைப் படிக்காமல் "லிம்போமா" என்ற சொல்லை மட்டும் வைத்து இணையத்தில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

கால்களில் சிவப்புப் புள்ளி, மூட்டு வலி. ஹெபடைடிஸ் சி உண்டு. டாக்டர் "க்ரையோ" டெஸ்ட் எழுதியிருக்கிறார். அது என்ன?

க்ரையோகுளோபுலின். குளிர்ந்தால் உறையும் ஆன்டிபாடி. மேலே சொன்ன ஓய்வில்லாத பி செல்கள், தேவைக்கு மேல் செய்து தள்ளும் சரக்கு இது. உடம்புச் சூட்டில் கரைந்திருக்கும், குளிர்ந்தால் திரியும். சின்ன ரத்தக் குழாய்களில் படிந்து, முழங்காலுக்குக் கீழே கருஞ்சிவப்புப் புள்ளிகள், மூட்டு வலி, சோர்வு, பாதத்தில் மரத்துப்போதல் என்று காட்டும். சிலருக்குச் சிறுநீரகத்தையும் பிடிக்கும்.

இந்தப் பரிசோதனையைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ரத்தம் எடுக்கும் குழாயை முன்கூட்டியே 37 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். எடுத்த ரத்தம், சீரம் (ரத்தம் கட்டியானபின் பிரியும் தெளிநீர்) பிரியும்வரை அதே சூட்டில் இருக்க வேண்டும். அப்புறம்தான் சீரத்தை 4 டிகிரி குளிரில் நிற்கவைத்துப் பல நாள் பார்ப்போம். குழாயின் அடியில் மோர்த் தெளிவுக்குக் கீழே படிவது போல வெள்ளையாக ஒன்று இறங்கும். மறுபடி சூடாக்கினால் கரைந்து காணாமல் போகும். அப்படிக் கரைந்தால் அது க்ரையோகுளோபுலின். ஒரு முறை வெளியூர்க் கிளையிலிருந்து இந்தச் சாம்பிளை ஐஸ் பெட்டியில் வைத்து, பத்திரமாக அனுப்பியதாக நினைத்துக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். இருந்ததெல்லாம் ரத்தக் கட்டியோடு சேர்ந்து உறைந்து போய்விட்டது. சீரத்தில் ஒன்றும் இல்லை, முடிவு "நெகட்டிவ்". நல்லவேளை, நோயாளியின் காலைப் பார்த்த மருத்துவர் அதை நம்பவில்லை. உங்களுக்கு இந்த டெஸ்ட் எழுதியிருந்தால், ரத்தத்தை அந்த லேபிலேயே நேரில் போய்க் கொடுங்கள்.

லிம்போமாவோடு இதற்கு என்ன சம்பந்தம்? க்ரையோகுளோபுலின் இருக்கிறது என்றால் பி செல்கள் வருடக்கணக்கில் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன என்று பொருள். இது புற்றுநோய் இல்லை, ஆனால் அந்தப் பாதையில் ஒரு படி. இவர்களில் சிலருக்குப் பல வருடம் கழித்து லிம்போமா வருகிறது. அதனால் மருத்துவர்கள் இவர்களைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள்.

வைரஸை ஒழித்தால் லிம்போமா போய்விடுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம்.

2002-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். மண்ணீரலில் வரும் ஒரு வகை லிம்போமா, அதோடு ஹெபடைடிஸ் சி-யும் இருந்த ஒன்பது பேர். ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் லிம்போசைட்டுகளின் ஓரத்தில் மயிர் போல நீட்டிக்கொண்டிருக்கும், அந்த வகை. கீமோ கொடுக்கவில்லை. வைரஸுக்கு எதிராக அப்போது இருந்த இன்டர்ஃபெரான் ஊசி மட்டும். ஏழு பேருக்கு ரத்தத்தில் வைரஸ் காணாமல் போனது, லிம்போமாவும் முழுமையாக அடங்கியது. மீதி இரண்டு பேருக்கு ரிபாவிரின் மாத்திரையையும் சேர்த்தார்கள். வைரஸ் போனது, அவர்களின் நோயும் பின்வாங்கியது.

சரி, இன்டர்ஃபெரானே நேராகப் புற்றுநோயைக் கொன்றிருக்கலாமே? அவர்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதே லிம்போமா இருந்து, ஹெபடைடிஸ் சி இல்லாத ஆறு பேருக்கும் அதே ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பலன் இல்லை. இன்னொன்று: குணமான ஒருவருக்கு வைரஸ் திரும்பி வந்தது, கூடவே லிம்போமாவும் திரும்பி வந்தது. ஒன்பதும் ஆறும் பதினைந்து பேர்தான். ஆனால் இவ்வளவு சுத்தமாகக் காரணத்தையும் விளைவையும் காட்டிய ஆய்வை நான் அதிகம் படித்ததில்லை.

இன்டர்ஃபெரான் கொடுமையான மருந்து. மாதக்கணக்கில் காய்ச்சல், முடி கொட்டல், மனச்சோர்வு. இப்போது மாத்திரை வந்துவிட்டது. மெதுவாக வளரும் லிம்போமா உள்ள 46 பேருக்கு இந்தப் புது மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த முடிவு 2016-ல் வந்தது. 98 சதவீதம் பேருக்கு வைரஸ் போனது, சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு லிம்போமா சுருங்கியது அல்லது மறைந்தது. பின்னர் இத்தாலியில் 40 பேரை வைத்து முறைப்படி நடத்திய ஆய்வில் எல்லோருக்கும் வைரஸ் போனது, லிம்போமா குறைந்தது 45 சதவீதம் பேருக்கு.

மீதிப் பேருக்கு ஏன் குறையவில்லை? அந்தச் செல்கள் வைரஸின் தூண்டுதல் இல்லாமலே வளரக் கற்றுக்கொண்டுவிட்டிருக்கும். அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லது என்கிறார்கள்.

வருவதற்கு முன்பே தடுக்கும் பக்கத்தில், ஜப்பானில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007-ல் வந்தது. வைரஸ் நீங்காதவர்களில் 15 வருடத்தில் 2.6 சதவீதம் பேருக்கு லிம்போமா. வைரஸ் நீங்கியவர்களில் ஒருவருக்கும் இல்லை.

அப்படியானால் அப்பாவுக்குக் கீமோவே வேண்டாமா?

வகையைப் பொறுத்தது. மெதுவாக வளரும் வகை, உடனடித் தொந்தரவு எதுவும் இல்லை என்றால், முதலில் வைரஸ் மாத்திரை கொடுத்துவிட்டு, லிம்போமா என்ன ஆகிறது என்று காத்திருந்து பார்ப்பது இன்று ஏற்கப்பட்ட வழி. டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் போல வேகமாக வளரும் வகையில் காத்திருக்க நேரம் கிடையாது. கீமோவை உடனே தொடங்க வேண்டும், வைரஸ் மாத்திரை கூடவோ பின்னாலோ வரும். "வைரஸைத் துரத்தினால் போதுமாமே" என்று கீமோவைத் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது. ரத்தவியல் மருத்துவரும் கல்லீரல் மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டிய இடம் இது. அவர்களாகப் பேசவில்லை என்றால், ஒருவரின் சீட்டை இன்னொருவர் மேசையில் நீங்களே கொண்டுபோய் வையுங்கள்.

லிம்போமா உறுதியான பிறகு எதற்கு ஹெபடைடிஸ் டெஸ்ட்?

சி இருந்தால் சிகிச்சைத் திட்டமே மாறலாம் என்பது மேலே சொன்னது. ஹெபடைடிஸ் பி-யையும் சேர்த்துப் பார்ப்பார்கள், அதற்குக் காரணம் வேறு. பி செல் லிம்போமாவுக்குக் கொடுக்கும் ரிடக்சிமாப் என்ற ஊசி பி செல்களை ஒட்டுமொத்தமாக அழிப்பது. எப்போதோ வந்து அடங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி, அந்தச் சமயம் பார்த்து எழுந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்துவிடலாம். முன்பே தெரிந்தால் தடுப்பு மாத்திரை கொடுத்துத் தவிர்க்கலாம். சில நூறு ரூபாய் டெஸ்ட்தான், கேள்வி கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

ஆன்டிபாடி "ரியாக்டிவ்", ஆனால் ஆர்.என்.ஏ. "கண்டறியப்படவில்லை". எனக்கு நோய் இருக்கிறதா இல்லையா?

இல்லை. ஆன்டிபாடி என்பது வைரஸ் வந்துபோன காலடித் தடம். ஆள் உள்ளே இருக்கிறாரா என்று சொல்வது ஆர்.என்.ஏ. டெஸ்ட், அதைத்தான் "வைரல் லோடு" என்கிறோம். மாத்திரையால் குணமானவர்களுக்கும் ஆன்டிபாடி பெரும்பாலும் ஆயுசுக்கும் ரியாக்டிவாகவே இருக்கும். ஆகவே குணமான பிறகு யாராவது ஆன்டிபாடியை மறுபடி எடுத்து உங்களைப் பயமுறுத்தினால் பயப்படாதீர்கள், வைரல் லோடு கேளுங்கள்.

மாத்திரை எத்தனை நாள், எவ்வளவு செலவு?

சோஃபோஸ்புவிரோடு டக்ளடாஸ்விர் அல்லது வெல்படாஸ்விர். பெரும்பாலோருக்கு 12 வாரம், தினமும். 28 மாத்திரை கொண்ட டப்பா என்றால் மூன்று டப்பா. 95 சதவீதத்துக்கு மேல் குணம். முடிந்து 12 வாரம் கழித்து வைரல் லோடு எடுத்து, இல்லை என்று வந்தால் குணமானதாகக் கணக்கு.

2013 கடைசியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர், முழுச் சிகிச்சை 84,000 டாலர். இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்து இங்கேயே தயாரித்ததும் விலை தரைக்கு வந்தது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப்பாருங்கள்.

நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள், இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முன்னது வெல்படாஸ்விரை உடம்பில் சரியாக ஏறவிடாது. பின்னதோடு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தாகக் குறையலாம்.

கீழாநெல்லி சாப்பிட்டால் போதாதா?

வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். கீழாநெல்லியை வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவும் முடியாது. 1988-ல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் அதை ஹெபடைடிஸ் பி தங்கியவர்களுக்குக் கொடுத்து, பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் வைரஸ் அடையாளம் மறைந்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுபிடித்த ப்ளும்பெர்க்கும் அதில் கூட்டு. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அதுவும் பி-க்கு. சி-யை அது ஒழிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 12 வாரத்தில் குணமாக்கும் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும்போது கீழாநெல்லியை நம்பி மாதங்களைக் கடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எந்த அறிகுறிக்கு உடனே போக வேண்டும்?

வலியே இல்லாமல் கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டி, சில வாரம் ஆகியும் வற்றவில்லை என்றால். இடது விலாவுக்குக் கீழே கனமாக, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பியது போல இருந்தால் அது மண்ணீரல் வீக்கமாக இருக்கலாம். காரணமில்லாத காய்ச்சல், படுக்கை விரிப்பை மாற்றும் அளவு ராத்திரி வியர்வை, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவது. கல்லீரல் சுருங்கினாலும் மண்ணீரல் வீங்கும், ஆகவே ஸ்கேனில் "மண்ணீரல் பெரிதாக உள்ளது" என்ற ஒரு வரியை வைத்து நீங்களாக முடிவு கட்ட வேண்டாம்.

குணமாகிவிட்டது. இனி டாக்டரிடம் போக வேண்டாமா?

கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தால், வைரஸ் போனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் தொடர வேண்டும். க்ரையோகுளோபுலின் இருந்தவர்களுக்கு அது சில வருடம் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அவர்களும் போய்வர வேண்டும். மற்றவர்கள் நிம்மதியாக இருக்கலாம். ஒன்று மட்டும்: குணமானால் மறுபடி தொற்றாது என்று இல்லை. இதற்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை.

வீட்டில் மற்றவர்களுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, தொடுவதாலோ, இருமுவதாலோ வராது. பேத்தியைத் தூக்கக்கூடாது என்று ஒரு தாத்தாவை வீட்டில் ஒதுக்கிவைத்திருந்தார்கள், கேட்டபோது கோபம்தான் வந்தது. சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். தொற்று உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகள், வாழ்க்கைத் துணை, டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இந்தியாவில் தானமாகப் பெறும் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி-யைக் கட்டாயம் பார்க்கத் தொடங்கியது 2000-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்பு பிரசவத்திலோ ஆபரேஷனிலோ ரத்தம் ஏற்றிக்கொண்ட அம்மாக்கள் எத்தனையோ பேர் இதுவரை ஒருமுறைகூடப் பரிசோதித்துப் பார்த்ததில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் அழைத்துவாருங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டிய அவசியம்கூட இல்லை.